அணியத்தில் ஓர் இருக்கை

ஆங்கில மாலுமிகள் கப்பலின் கழிப்பறையை 'ஹெட்' என்பார்கள். தலை என்று பொருள். இன்றைய பாய்ப்படகுகள் பலவற்றில், உள்ளே இறங்கும் படிகளுக்கு அருகில், முழங்கால் இடிக்கும் அளவுக்குக் குறுகிய ஓர் அறையில் பொருத்தப்பட்டிருக்கும் பீங்கான் கிண்ணத்துக்கும் அதே பெயர்தான். அது படகின் தலைப்பக்கத்தில் இல்லை, பின்பாதியில் இருக்கிறது. பொருள் குடிபெயர்ந்து போன பிறகும் சொல் பழைய வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பது மொழிகளில் புதிதல்ல. ஆனால் இந்தச் சொல் எந்த வீட்டை விட்டு எங்கே போயிற்று என்று தேடிப் போனால், கடலோடிகளின் வரலாற்றில் யாரும் அதிகம் பேசாத ஒரு பகுதி திறந்துகொள்கிறது. நாற்றத்தின் வரலாறு அது. இன்னும் சரியாகச் சொன்னால், கப்பலில் காற்று யாருக்குக் கிடைத்தது, அழுக்கை யார் அள்ளினார்கள் என்பதன் வரலாறு.

நம் நெய்தல் நில மக்கள் கலத்தின் முன்பகுதியை அணியம் என்பார்கள். ஆங்கிலக் கப்பலின் 'ஹெட்' என்பது அந்த அணியத்துக்கும் முன்னால், பறவையின் அலகுபோல் கடலின் மேல் நீண்டு நின்ற ஒரு மேடை. அதன் தளம் முழுப் பலகையாக இல்லாமல் கிராதியாக இருக்கும். அலை அடித்தால் நீர் கீழிருந்து மேலே வந்து, அதே வழியாக வடிந்து போகும். அந்த மேடையின் இரு பக்கங்களிலும் நடுவில் துளையிட்ட மரப்பெட்டிகள். அவைதாம் மாலுமிகளின் கழிப்பிடம். துளைக்குக் கீழே குழாயோ தொட்டியோ கிடையாது; சில மீட்டர் வெறுவெளியும் அதன் கீழே கடலும்தான்.

ஏன் அணியத்தில்? பாய்க்கப்பலின் இயல்பே காரணம். குறுக்குப்பாய் கட்டிய பெருங்கப்பல் காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது. காற்று வரும் திசையிலிருந்து ஏறத்தாழ ஆறு பாயிண்ட், அதாவது 67 பாகைக்கும் சற்று அதிகமாக விலகித்தான் அதனால் செல்ல முடியும். ஆகவே பயணத்தின் பெரும்பகுதியில் காற்று பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வீசும். கப்பலில் காற்றின் கடைசி இடம் அணியம். அங்கே எழும் நாற்றம் கப்பலைத் தொடாமல் முன்னோக்கிப் போய்விடும். மீகாமனின் அறை காற்றின் முதல் இடமான பின்பகுதியில் அமைந்திருந்ததும் இதே கணக்கில்தான். கப்பலின் சமூக ஒழுங்கைக் காற்றின் திசையை வைத்தே வரைந்துவிடலாம். நம் ஊர்களில் சேரி எந்தத் திசையில் அமைந்தது, காற்று எந்தத் திசையில் அடித்தது என்று யோசித்துப் பார்த்தவர்களுக்கு இந்த ஒழுங்கு அந்நியமாகத் தோன்றாது.

ஸ்பானியர்கள் இந்த இருக்கைகளுக்கு 'ஹர்தீனேஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தோட்டங்கள் என்று பொருள். 'கொல்லைக்குப் போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லிப் பழகிய தமிழர்களுக்கு இந்த இடக்கரடக்கலை விளக்க வேண்டியதில்லை. ஆனால் கொல்லையில் கிடைக்கும் மறைவு அந்தத் தோட்டத்தில் கிடைக்கவில்லை. அந்தோனியோ தெ குவேரா என்ற ஸ்பானியப் பாதிரியார் 1539இல் கடற்பயணத்தின் துன்பங்களைப் பற்றிக் கேலியும் கசப்புமாக ஒரு நூல் எழுதினார். துடுப்புக் கப்பல்களில் வயிற்றைக் கழிக்கப் போகும் மனிதன், எத்தனை பெரிய பிரபுவாக இருந்தாலும், அத்தனை பேர் பார்வைக்கும் முன்னால்தான் உட்கார வேண்டும் என்பது அவர் அடுக்கும் துன்பங்களுள் ஒன்று. புயலையும் கடற்கொள்ளையரையும் எழுதிய பயணிகள் பலர் தொடாமல் விட்டதை அவர் எழுதினார் என்பதாலேயே அந்த நூல் இன்று மதிக்கப்படுகிறது.

மரமே சாட்சி சொல்லும் இடங்களும் உண்டு. 1628 ஆகஸ்ட் 10 அன்று தன் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் கவிழ்ந்த 'வாசா' என்ற ஸ்வீடன் போர்க்கப்பல், 333 ஆண்டுகள் சேற்றில் கிடந்து, 1961இல் மேலே கொண்டுவரப்பட்டது. சிற்பங்களும் பீரங்கிச் சாளரங்களும் நிறைந்த அந்தக் கப்பலைப் பார்க்கப் போகிறவர்கள் அணியத்தில் இருக்கும் இரண்டு சிறு பெட்டிகளைக் கவனிப்பது அரிது. மாலுமிகளும் படைவீரர்களுமாக 400 பேருக்கு மேல் செல்ல வேண்டிய கப்பலுக்கு அந்த இரண்டு பெட்டிகள். ஏறத்தாழ இரு நூற்றாண்டு கழித்து, 1805இல் டிரஃபால்கர் போரில் நெல்சனின் கொடிக்கப்பலாக இருந்த 'விக்டரி'யில் 821 பேர் இருந்தார்கள். சாதாரண மாலுமிகளுக்கென்று அணியத்தில் இருந்த திறந்த இருக்கைகளை அப்போதும் கைவிரல்களால் எண்ணிவிடலாம்.

இதே கப்பல்களின் பின்பகுதியில், இருபுறமும் வீட்டு மாடத்தைப் போல வெளியே துருத்திக்கொண்டு, கண்ணாடிச் சாளரங்களுடன் சிறு அறைகள் உண்டு. அவை அதிகாரிகளின் கழிப்பறைகள். இடைநிலைப் பதவியினருக்கு அணியத்தின் இரு மூலைகளிலும் உருளை வடிவில், கதவுடன் கூடிய கூண்டுகள் வந்தன. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் நோயாளிக் கூடம் மேல்தட்டின் முன்பகுதிக்கு மாற்றப்பட்டபோது, அந்தக் கூண்டுகளில் ஒன்று நோயாளிகளுக்கு ஒதுக்கப்பட்டது. பேதியில் துவண்டவன் அலை அடிக்கும் கிராதியில் போய் உட்கார வேண்டாம் என்று ஒருவர் நினைப்பதற்கு அத்தனை காலம் ஆயிற்று.

கட்டுமானம் இப்படியிருக்க, புழக்கம் வேறாக இருந்தது. இரவில், கடுங்குளிரில், கடல் கொந்தளிக்கும்போது, ஈரக் கிராதியில் ஏறி ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவது உயிரைப் பணயம் வைக்கும் செயல். ஆகவே பலர் போகவில்லை. இருளில் கீழ்த்தளத்தின் மூலைகள் அணியத்தைவிட நெருக்கத்தில் இருந்தன. கண்ட இடத்தில் கழிப்பவர்களைத் தண்டிக்கும் ஆணைகள் கப்பல்களில் திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்பட்டன. ஓர் ஆணை திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்படுகிறது என்றால் அது பின்பற்றப்படவில்லை என்றுதானே பொருள்!

அங்கே கழிந்தது எல்லாம் இறுதியில் கப்பலின் அடிவயிற்றுக்கு இறங்கும். மரக்கப்பல் எதுவும் முற்றாக நீர் புகாததல்ல. பலகை இடுக்குகளில் கசியும் கடல்நீர், சமையல் கழிவு, செத்த எலி, கால்நடைகளின் சாணம், மனிதக் கழிவு எல்லாம் அடிப்பாரமாகக் கொட்டப்பட்ட சரளைக் கற்களுக்கிடையே தேங்கும். இதில் ஒரு முரண் உண்டு. நன்றாகக் கசியும் கப்பலில் நீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருப்பார்கள்; அடிவயிறு கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். கசியாத நல்ல கப்பலில்தான் நீர் தேங்கிக் கெட்டுக் குமட்டும். அனுபவமுள்ள மீகாமன்கள் வேண்டுமென்றே புதுக் கடல்நீரை உள்ளே விட்டு இறைத்தார்கள். அந்த அடிவயிற்றிலிருந்து எழும் ஆவி, சீருடையின் வெள்ளிச் சரிகையைக் கறுக்கவைத்தது. ஈய வெள்ளை பூசிய சுவரைப் பழுப்பாக்கியது. அது என்னவென்று அறியும் வேதியியல் அன்று இல்லை. கறுத்த சரிகை மட்டும் கண்முன் இருந்தது.

துறைமுகத்தில் நிலைமை இன்னும் மோசம். நங்கூரமிட்ட கப்பல் காற்றுக்கு முகம் காட்டி நிற்கும். அப்போது அணியமே காற்றின் முதல் இடம். கடலில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருந்த நாற்றம் இப்போது கப்பலின் நீளம் முழுவதும் நடந்து மீகாமன் அறைக்கே வந்து சேரும். அணியத்தில் கழிப்பிடம் என்ற ஏற்பாடு ஓடும் கப்பலுக்கு மட்டுமே ஏற்றது.

*

18ஆம் நூற்றாண்டு மருத்துவம் நாற்றத்தையே நோய் என்று நம்பியது. அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்று உடலுக்குள் புகுந்து காய்ச்சலையும் பேதியையும் உண்டாக்குகிறது என்பது அன்றைய அறிஞர்களின் முடிவு. இன்று இது பிழையென்று பள்ளி மாணவனுக்கும் தெரியும். என்றாலும் அந்தப் பிழையான நம்பிக்கைதான் கப்பலுக்குள் காற்றைக் கொண்டுவந்தது.

1740ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் லண்டனில் இதற்கென்று ஒரு போட்டியே நடந்தது. சாமுவேல் சட்டன் என்ற வணிகர், கப்பலின் அடிவயிற்றிலிருந்து சமையல் அடுப்புக்குக் குழாய் அமைத்தார். எரியும் அடுப்பு தனக்கு வேண்டிய காற்றைக் கீழிருந்து இழுத்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு மேலிருந்து புதுக்காற்று இறங்கும். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் (தாவரங்களில் நீரேற்றத்தை அளந்தவர் இவர்தான்) ஆட்களால் இயக்கப்படும் பெரிய துருத்திகளை உருவாக்கி 1741இல் ராயல் சொசைட்டியில் விளக்கினார். சட்டனின் குழாய்க்கு ஆள் வேண்டாம், அடுப்பு எரிந்தால் போதும்; ஹேல்ஸின் துருத்திக்கு ஆள் வேண்டும், ஆனால் அடுப்பு வேண்டாம். இருவருக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள்.

ஹேல்ஸின் துருத்திகள் அடிமைக் கப்பல்களிலும் பொருத்தப்பட்டன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். விற்பனைக்குக் கொண்டுபோகும் மனிதர்கள் வழியில் சாவது நட்டம் என்பதால் அவர்களுக்கும் காற்று இறைக்கப்பட்டது. அக்கப்பல்களில் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்து, பின் அந்த வணிகத்தை எதிர்த்து எழுதிய அலெக்சாண்டர் ஃபால்கன்பிரிட்ஜ், 1788இல் வெளியிட்ட நூலில் கீழ்த்தளக் கழிப்பிடத்தை விவரிக்கிறார். ஓர் அறைக்கு மூன்று நான்கு வாளிகள். இருவர் இருவராக விலங்கு பூட்டப்பட்டவர்கள், மற்றவர் உடல்களைத் தாண்டி, தன்னோடு பிணைக்கப்பட்டவனையும் இழுத்துக்கொண்டு அந்த வாளியை எட்ட வேண்டும். எட்ட முடியாதவர்கள் முயற்சியையே கைவிட்டார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த ஒலாடா எக்வியானோவின் தன்வரலாறு, அந்தத் தொட்டிகளில் குழந்தைகள் விழுந்ததைப் பதிவு செய்கிறது. கிராதியில் உட்கார்ந்த ஏழை மாலுமிக்கு மறைவு இல்லை, ஆனால் காற்று இருந்தது. கீழ்த்தளத்தில் விலங்கோடு கிடந்தவர்களுக்கு அதுவும் இல்லை. தமிழில் நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தையும் சேர்த்தே குறித்தது. மெல்ல மெல்லக் கீழிறங்கி இன்றைய பொருளுக்கு வந்தது. மனிதர்களும் நாற்றத்துக்கு உரியவர்களாக இப்படித்தான் கீழே இறக்கப்பட்டார்கள்.

கெட்ட காற்றுக் கோட்பாட்டின் வெற்றியும் தோல்வியும் ஒரே மனிதரின் இரண்டு பயணங்களில் தெரிகின்றன. ஜேம்ஸ் குக் தன் முதல் பயணத்தில் 'எண்டெவர்' கப்பலைத் தூய்மையாக வைத்திருந்தார். 1770 அக்டோபரில் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா வந்து சேரும்வரை நோயால் ஏற்பட்ட இழப்பு மிகக் குறைவு. அங்கே தங்கிய வாரங்களிலும் அங்கிருந்து நன்னம்பிக்கை முனைக்குப் போகும் வழியிலும் காய்ச்சலும் பேதியுமாக ஏறத்தாழ முப்பது பேர் இறந்தார்கள். பத்தாவியாவின் காற்றுக்குக் கெட்ட பெயர் கிடைத்தது. குடிநீர் வழியாகவும் கை வழியாகவும் பேதி பரவுகிறது என்பதை அறிய இன்னும் நூறாண்டு வேண்டியிருந்தது.

இரண்டாம் பயணத்தில், 1772 முதல் 1775 வரை, 'ரெசல்யூஷன்' கப்பலில் அவர் கடைப்பிடித்த முறைகள் புகழ்பெற்றவை. மூன்று ஆண்டுகளுக்கு மேலான பயணத்தில் நோயால் இழந்தது ஒரே ஒருவரை. உணவு முறைக்கு இதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் அவர் எழுதிய குறிப்புகளில் கப்பலை உலர்த்துவதற்கும் அதே அளவு இடமிருக்கிறது. இரும்புச் சட்டியில் நெருப்பிட்டு அடிவயிற்றுக்கே இறக்கினார்கள். வெடிமருந்தைக் காடியில் பிசைந்து புகைபோட்டார்கள். காரணம் தவறு, காரியம் சரி. வரலாற்றில் இந்த வகைச் சேர்க்கைகள் மிகுதி.

*

19ஆம் நூற்றாண்டில் அலகு மேடை மறைந்தது. போர்க்கப்பல்களின் அணியம் உருண்டையாக மூடப்பட்டது; பிறகு இரும்பு உடலும் நீராவியும் வந்தன. கழிப்பிடம் கப்பலுக்குள் நுழைந்தது. உள்ளே நுழைந்ததும் காற்று செய்துகொண்டிருந்த வேலையை யாராவது செய்ய வேண்டியதாயிற்று. எந்திரம் கொஞ்சம் செய்தது. மீதியை மனிதர்கள் செய்தார்கள்.

இந்திய மாலுமிகள் பணிபுரிந்த பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் அந்த மனிதருக்கு 'டோப்பாஸ்' என்று பெயர். தட்டைக் கூட்டுவதும் கழிப்பறைகளைக் கழுவுவதும் அவர் வேலை. இந்தச் சொல்லின் பிறப்பிடம் நமக்கு நெருக்கமானது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சென்னைக் கோட்டையிலும் பிற ஐரோப்பியக் கோட்டைகளிலும் பணிபுரிந்த போர்த்துகீசியக் கலப்பு வம்சத்துச் சிப்பாய்களை 'டோப்பாஸ்' என்று அழைத்தார்கள். தொப்பி அணிந்தவர் என்பதிலிருந்து வந்தது என்று சிலரும், இருமொழியாளர் என்ற பொருளுடைய துபாஷியிலிருந்து வந்தது என்று சிலரும் கூறுவர். 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இந்த வாதத்தைப் பேசிவிட்டு, இச்சொல் கப்பலின் குளியலறைப் பணியாளரையும் குறிப்பதைச் சொல்கிறது. அந்த அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

மொழிபெயர்ப்பாளனையோ சிப்பாயையோ குறித்த ஒரு சொல் கழிப்பறை கழுவுபவனிடம் வந்து நின்றது எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது. வந்து நின்ற இடத்தில் அது நிலைத்துவிட்டது என்பதே நமக்கு முக்கியம். ஒப்பந்தக் கூலிகளை ஃபிஜிக்கும் கரீபியத் தீவுகளுக்கும் ஏற்றிச் சென்ற பாய்க்கப்பல்களிலும், பின்வந்த நீராவிக் கப்பல்களிலும் டோப்பாஸ் உண்டு. 1903க்குப் பிறகு சென்னையிலிருந்து ஃபிஜிக்குப் போன தமிழர்களும் தெலுங்கர்களும் அறிந்திருக்கக்கூடிய பெயர் அது. அவ்வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நிலத்திலும் அதே வேலைக்கு ஒதுக்கப்பட்ட சாதியினர். கடல் கடந்தால் சாதி போகும் என்றார்கள். கப்பலின் கழிப்பறை வாசல்வரை அது பத்திரமாக உடன் வந்தது.

டோப்பாஸுக்குத் தெரிந்திருந்தது என்ன? எந்தக் குழாய் எந்தப் பருவத்தில் அடைக்கும், எந்தத் துவாரத்தில் கடல் திருப்பி அடிக்கும், எதை ஊற்றினால் நாற்றம் அடங்கும் என்பதெல்லாம் அவர் விரல்நுனியில் இருந்திருக்கும். யாரும் அவரைக் கேட்டு எழுதிவைக்கவில்லை. ஹேல்ஸின் துருத்திக்கு வரைபடம் இருக்கிறது. டோப்பாஸின் அறிவுக்கு ஒரு பக்கம்கூட இல்லை.

*

இந்த அறிவு நூலாக எழுதப்பட்டது மிகவும் பிந்தி, எதிர்பாராத ஓர் இடத்தில்: சிறு பாய்ப்படகில்.

நான்கைந்து பேர் மட்டுமே பயணம் செய்யும் உல்லாசப் படகுகள் பெருகியபோது, அவற்றில் நெடுங்காலம் ஒரு வாளியே கழிப்பறையாக இருந்தது. பிறகு கைப்பம்பு பொருத்திய கிண்ணம் வந்தது. பிடியை மேலும் கீழும் அசைத்தால், ஒரே பம்பு ஒருபுறம் கடல்நீரை உள்ளே இழுக்கும், மறுபுறம் கழிவை வெளியே தள்ளும். கிண்ணம் பெரும்பாலும் கடல்மட்டத்துக்குக் கீழே அல்லது அதை ஒட்டி இருக்கும். ஆகவே குழாயை மேலே உயர்த்தி, வளைத்து, வளைவின் உச்சியில் காற்று புகும் ஒரு சிறு துவாரம் வைக்க வேண்டும். அது அடைபட்டால் கடல் தானாகவே உள்ளே ஏறி, ஆளில்லாத படகை ஓர் இரவில் மூழ்கடித்துவிடும். படகின் அடியிலுள்ள அடைப்பானை மூடாமல் கரைக்குப் போகாதே என்பது பாய்ப்படகுக்காரர்களின் முதல் பாடம்.

ஆனால் நாற்றம் போகவில்லை. கழிவைக் கடலுக்கே தள்ளிய பிறகும் நாற்றம் எங்கிருந்து வருகிறது? இதற்கான விடையை டெல்ஃப்ட் நகரில் மார்ட்டினஸ் பெயரிங்க் என்ற டச்சு நுண்ணுயிரியலாளர் 1895இலேயே கண்டிருந்தார். உயிர்வளியில்லாத நீரில் வாழும் ஒருவகை பாக்டீரியா, நீரிலுள்ள சல்ஃபேட்டைக் கொண்டு மூச்சு விடுகிறது. வெளிவிடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகிய முட்டையின் நாற்றம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. படகைப் பூட்டிவிட்டு ஒரு வாரம் கரைக்குப் போனால், உள்ளிழுக்கும் குழாயில் தங்கிவிட்ட கடல்நீரின் நுண்ணுயிர்கள் உயிர்வளி தீர்ந்து சாகின்றன. அந்த பாக்டீரியா விழிக்கிறது. திரும்பி வந்து முதல்முறை பம்பை அசைத்தவுடன் முகத்தில் அறைவது பெரும்பாலும் மனிதக் கழிவின் நாற்றமே அல்ல, கடலின் நாற்றம்தான். 18ஆம் நூற்றாண்டு அதிகாரியின் வெள்ளிச் சரிகையைக் கறுக்கவைத்ததும் இதே வாயுதான்.

அன்றைய மருத்துவர்கள் முற்றிலும் தவறில்லை என்றும் ஒரு விதத்தில் சொல்லலாம். இந்த வாயு உண்மையிலேயே கொல்லும். மூடிய தொட்டிக்குள்ளும் கப்பலின் அடியறைக்குள்ளும் இறங்கியவர்களை அது கொன்றிருக்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு இதை அறிந்துவிடும். ஆனால் 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மோப்ப உணர்வே செயலிழந்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் கணத்தில்தான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது.

20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சட்டம் குறுக்கே வந்தது. அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டு நீர்மாசுச் சட்டம், கரையிலிருந்து 3 மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவைப் படகுகள் வெளியேற்றுவதற்கு முடிவுகட்டியது. 1992இல் மற்றொரு சட்டம், கழிவை உறிஞ்சி எடுக்கும் நிலையங்களைப் படகுத்துறைகளில் அமைக்க நிதி வழங்கியது. பெருங்கப்பல்களுக்கான மார்ப்பால் உடன்படிக்கையின் நான்காம் இணைப்பு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நுண்ணியதாக அரைத்துக் கிருமி நீக்கிய கழிவென்றால் 3 கடல்மைல், அப்படியே விடுவதென்றால் 12 கடல்மைல் தாண்ட வேண்டும் என்பது அதன் சாரம். குடாக்களுக்கும் சிப்பிகளுக்கும் கரையில் குளிக்கும் குழந்தைகளுக்கும் இது நல்லது. ஆனால் படகுக்குள் ஒரு தொட்டி முளைத்தது. மூன்று நூற்றாண்டுகளாகக் கப்பலைவிட்டு வெளியேற்றப் பாடுபட்ட பொருளைச் சட்டமே மீண்டும் அடிவயிற்றில் கொண்டுவந்து வைத்தது.

முதலில் எல்லோரும் நறுமண மருந்துகளை ஊற்றிப் பார்த்தார்கள். நாற்றத்தின் மேல் இன்னொரு வாசனை ஏறி உட்கார்ந்தது. 2000களின் தொடக்கத்தில் பெக்கி ஹால் என்ற அமெரிக்கப் பெண்மணி படகு நாற்றங்களை ஒழிப்பதற்கென்றே ஒரு முழு நூல் எழுதினார். அதன் மையக் கருத்து மிக எளிமையானது. தொட்டிக்கு மருந்து வேண்டியதில்லை, காற்றுதான் வேண்டும். உயிர்வளி கிடைத்தால் வேறு வகைப் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கும். அவை வெளிவிடுவதில் நாற்றமில்லை. படகு கட்டுபவர்கள் தொட்டிக்கு வைக்கும் சுவாசக் குழாய் மிகக் குறுகலாகவும் வளைந்து நெளிந்தும் இருக்கிறது. அதை 25 மில்லிமீட்டர் அகலமாக்கி, குட்டையாகவும் நேராகவும் அமைக்க வேண்டும். இயலுமானால் இருபுறமும் ஒவ்வொன்று வைத்தால், ஒருபுறம் புகும் காற்று மறுபுறம் போகும்.

கிராதியில் உட்கார்ந்திருந்த 'வாசா' காலத்து மாலுமிக்கு இதைப் படித்துக்காட்டியிருந்தால் சிரித்திருப்பான். அவனுக்குக் காற்று இலவசமாகக் கிடைத்தது.

பராமரிப்பின் மற்ற விதிகளும் இதே எளிமையுடையவை. படகைப் பூட்டும் முன், கைகழுவும் தொட்டியில் நன்னீர் நிரப்பி, அந்த நீரைக் கழிப்பறையின் உள்ளிழுக்கும் குழாய் வழியாக இழுத்து, தேங்கிய கடல்நீரை வெளியேற்ற வேண்டும். சிறுநீரும் கடல்நீரும் கலந்தால் குழாயின் உட்புறத்தில் சுண்ணாம்புபோல் ஒரு படிவம் ஏறும். இரத்தக்குழாய் அடைப்பதைப்போல் ஆண்டுக்கணக்கில் குறுகிக்கொண்டே வரும். மாதம் ஒருமுறை காடி ஊற்றி ஊறவைத்தால் அது சேராது. குக் புகைபோட்ட அதே காடி! அன்று காற்றைத் தூய்மையாக்கும் என்று நம்பினார்கள். இன்று காரப் படிவைக் கரைக்கும் அமிலம் என்று அறிந்து ஊற்றுகிறோம். குழாயே நாற்றத்தை உறிஞ்சிவிட்டதா என்று அறிய, சுடுநீரில் நனைத்த துணியை அதன்மேல் சுற்றி, ஆறியதும் துணியை முகர்ந்து பார்க்க வேண்டும். துணி நாறினால் குழாயை மாற்றியே ஆக வேண்டும். நூறு கருவிகள் வந்த பிறகும் கடைசித் தீர்ப்பு மூக்கினுடையதே.

அண்மைக் காலத்தில் சில பாய்ப்படகுகளில் நீரே இல்லாத உரக் கழிப்பறை வந்திருக்கிறது. சிறுநீரைத் தனியே பிரித்து, மீதியைத் தென்னை நார்த்தூளிலோ பாசித்தூளிலோ கலந்து, ஒரு சிறு மின்விசிறியால் காற்றை இடைவிடாமல் வெளியே இழுப்பார்கள். அவற்றுள் ஒன்றின் வணிகப் பெயர் 'ஏர் ஹெட்'. ஆங்கிலப் பேச்சில் மண்டையில் ஒன்றும் இல்லாதவனைக் குறிக்கும் கேலிச்சொல் இது. ஆனாலும் அணியத்தையும் காற்றையும் மறுபடி ஒரே சொல்லில் சேர்த்துவைத்திருக்கிறது.

இவையெல்லாம் ஏன் இவ்வளவு காலம் எழுதப்படவில்லை, ஏன் இப்போது எழுதப்பட்டன என்ற கேள்விக்கு வருவோம். அறிவியல் வளர்ந்தது என்பது பாதி விடைதான். பெயரிங்கின் கண்டுபிடிப்புக்கும் ஹாலின் நூலுக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் இருக்கிறது. மறுபாதி விடை படகின் அளவில் இருக்கிறது. 'விக்டரி'யில் கட்டளையிட்டவர் வேறு, கிராதியில் உட்கார்ந்தவர் வேறு, கழுவியவர் வேறு. கூலிக் கப்பலில் மருத்துவரின் நாட்குறிப்பு எஞ்சியிருக்கிறது. டோப்பாஸின் பெயர்கூட எஞ்சவில்லை. பத்து மீட்டர் நீளமுள்ள பாய்ப்படகில் டோப்பாஸுக்கு இடமில்லை. மீகாமனே அங்கே உட்காருகிறார்; அடைத்துக்கொண்டால் மீகாமனே சட்டைக் கையை மடித்துவிட்டுப் பம்பைக் கழற்றி, உள்ளிருக்கும் ரப்பர் வால்வைத் துடைத்து மாட்டுகிறார். கட்டளையிடும் கையும் கழுவும் கையும் ஒன்றான அந்தச் சிறிய இடத்தில்தான் கழிப்பறையைப் பேணுவது வெட்கப்பட வேண்டிய தொழில் என்பது மாறி, கற்கவும் எழுதவும் தக்க ஓர் அறிவாயிற்று.

கரையில் அந்த இரண்டு கைகளும் இன்னும் வெவ்வேறாகவே இருக்கின்றன. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து இந்தியா 1993இலும் 2013இலும் சட்டங்கள் இயற்றியது. அதன் பிறகும் நம் நகரங்களின் கழிவுநீர்த் தொட்டிகளுக்குள் மனிதர்கள் இறங்கிச் செத்திருக்கிறார்கள். அவர்களைக் கொல்வதும் பெரும்பாலும் பெயரிங்கின் பாக்டீரியா வெளிவிடும் அதே வாயுதான். அந்தத் தொட்டிகளின் மேல் வசிப்பவர்களுக்குக் குழாயின் அகலமும் வால்வின் இடமும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவர்களுக்கு இதுவரை வரவில்லை.